தெர்மோஸ்டாட் மூடிக்குள்ள சிவப்புப் புழு: ஒரு ஜீப்புக்கு ரெண்டு தடவ கம் வச்ச கதை

வண்டி சித்தப்பா மகனோடது, எனக்கு அண்ணன் முறை, எனக்கு அதுல ஒரு பைசா பங்கில்ல, ஆனா ரிப்பேர்னு வந்துட்டா மட்டும் அது நம்ம வண்டி ஆயிரும். மஹிந்திரா ஜீப்பு, 2523 சிசி டீசல், டிஎன் 60 நம்பரு. விடியக்காலைல கூடலூர்ல ஏலத்தோட்டத்து ஆளுகளை ஏத்திக்கிட்டு லோயர் கேம்ப் வழியா குமுளி மலை ஏறி அந்தப்பக்கம் தோட்டத்துல எறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டிட்டு வரணும். இதான் தெனப் பொழப்பு. எனக்கு மோட்டார் வைண்டிங் கடை, போர்வெல் மோட்டார் கட்டுறதுதான் தொழில், ஆனா ஸ்பேனர் கைல இருக்கிறவன் எல்லாம் மெக்கானிக்னு எங்க வீட்ல ஒரு முடிவே பண்ணி வச்சிருக்காய்ங்க.

ஜூன்ல சாரல் ஆரம்பிச்ச வாரம் அண்ணன் வந்து "டேய், இரைச்சல் பாலம் தாண்டுனா சூடு காட்டுற முள்ளு மேல போகுதுடா, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஒரு லிட்டர் தண்ணி ஊத்துறேன், கீழ ஒரு சொட்டு கூட காணோம், எங்கதான் போகுது"ன்னார். பானெட்டத் தூக்கிப் பாத்தேன். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறுனதும் தொறந்து கூலண்ட, அதாவது எஞ்சினக் குளுத்துற தண்ணிய, ரேடியேட்டருக்கு விடுற வால்வு) மூடி இருக்குல்ல, ரேடியேட்டர் மேல் ஹோஸ் வந்து மாட்டுற அலுமினிய மூடி, அதுக்கு அடியில ஓரமா வெள்ளையும் பச்சையுமா உப்பு பூத்துக் கெடந்துச்சு, வீட்டுச் சுவத்துல ஓதம் ஏறுன மாதிரி. சூட்டுல கசியுற கூலண்ட் அங்கயே ஆவியாப் போயி உப்பு மட்டும் தங்கிருது, அதான் தரையில சொட்டு விழல.

இதுல அண்ணனுக்குப் புரிய வைக்க முடியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு, தண்ணி கொறையுறது பிரச்சினையில்ல, அழுத்தம் போறதுதான் பிரச்சினை. ரேடியேட்டர் மூடில 0.9னு எழுதியிருக்கும், அதாவது 0.9 கிலோ அழுத்தம் வரைக்கும் உள்ள புடிச்சு வைக்கும், அந்த அழுத்தம் இருந்தா வெறும் தண்ணியே கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஒரு ஊசி முனை கசிவு போதும், அழுத்தம் நிக்காது, அப்ப சாதாரணமா கொதிக்கிற சூட்டுலயே கொதிச்சிரும், அதுலயும் குமுளி 900 மீட்டர் ஒசரத்துக்குப் பக்கத்துல இருக்கு, அங்க தண்ணி 97 டிகிரிலயே தளதளன்னு வந்துரும். ஆக கீழ கூடலூர்ல ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாது, பன்னெண்டு பேர ஏத்திக்கிட்டு ரெண்டாவது கியர்ல மலை ஏறுறப்பதான் முள்ளு எந்திரிக்கும்.

எஞ்சின் நல்லா ஆறட்டும்னு ராத்திரி பூரா விட்டுட்டு காலைல கூலண்ட எறக்குனேன் (சூட்டோட மூடியத் தொறந்து மூஞ்சி வெந்தவங்க ரெண்டு பேர எனக்கே தெரியும்). எறக்குன கூலண்ட மூடி போட்ட கேன்லதான் வைக்கணும், இனிப்பா இருக்கும், நாயி கோழி நக்குனா செத்துரும். 13ம் நம்பர் போல்ட் கழட்டி மூடியத் தட்டுனா வரல. உளியாட்டம் எதையும் சொருகாம மரக்கட்டைய வச்சு பக்கவாட்டுல தட்டித் தட்டி எடுத்தேன். எடுத்ததும் உள்ள பாத்தா சிவப்பா ஒரு புழு. நெசமாவே புழு மாதிரிதான், சுண்டுவிரல் தண்டிக்கு சிலிக்கான் கம் உள்பக்கம் பிதுங்கி, காஞ்சு, வளையமா தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதுல ஒரு துண்டு பிஞ்சு போய் தெர்மோஸ்டாட் வாய்க்குள்ள மாட்டி அதப் பாதிக்கு மேல தொறக்க விடாம கெட்டியாப் புடிச்சிருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல இதே லீக்குக்கு வேலை பாத்திருக்காய்ங்க, யாருன்னு சொல்லல, சொல்லி என்ன ஆகப்போகுது. புது பேக்கிங் (ஒழுகாம இருக்க ரெண்டு முகத்துக்கும் நடுவுல வைக்கிற பேப்பர்) போடவே இல்ல, பழைய பேக்கிங்க சொரண்டவும் இல்ல, அது மேலயே சிவப்பு கம்ம கேக்குக்கு கிரீம் வைக்கிற மாதிரி வச்சு முடுக்கியிருக்காய்ங்க. வெளிய பிதுங்குனத தொடச்சு அழகா விட்டிருக்காய்ங்க, உள்ள பிதுங்குனது யாரு கண்ணுக்குத் தெரியும்?

வெளிய எவ்வளவு பிதுங்குதோ அதே அளவு உள்ளயும் பிதுங்கும்ங்கிறத ஒருத்தனும் நெனைக்கிறதில்ல. கூலிங் பக்கம்னா அது பிஞ்சு ரேடியேட்டர் குழாய அடைக்கும், ஆயில் பக்கம்னா சேம்பர்ல (எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) விழுந்து ஆயில் பம்பு உறிஞ்சுற ஸ்டெய்னர் சல்லடைய அடைக்கும், ஆயில் அழுத்தம் போச்சுன்னா பேரிங் போச்சு. பத்து ரூபா கம்முல எஞ்சினையே எறக்க வைக்கிற வழி இது.

அப்பறம் அந்த சிவப்பு. ட்யூப்ல வர்ற இந்த சிலிக்கான் கம்முக்கு ஆர்டிவின்னு பேரு, சிவப்பு ஆர்டிவின்னா ஒசத்தின்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. அது பெரும்பாலும் சூட்டுக்கான சரக்கு, 300 டிகிரிக்கு மேல தாங்கும்னு ட்யூப்ல போட்டிருப்பாய்ங்க, எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு சரி. கூலண்ட் போற எடத்துல 120 டிகிரிய தாண்டுனா எஞ்சினே இருக்காது, அங்க 300 தாங்கி என்ன செய்ய, சோறு வடிக்கிற சட்டிக்கு செங்கச்சூளை மண்ணு தேடுற கதை. அங்க வேண்டியது சூடு தாங்குறது இல்ல, கிளைகால் (கூலண்ட்ல இருக்கிற ரசாயனம்) கலந்த தண்ணி நாள் பூரா நனைச்சாலும் ஊறாம, உப்பாம, பிடி விடாம இருக்கிறது. இன்னொண்ணு, கலர வச்சு கம்பெனிக்குக் கம்பெனி பொதுவா ஒண்ணும் சொல்ல முடியாது, ஒருத்தன் கறுப்பு ஆயிலுக்குன்னு போடுவான், இன்னொருத்தன் கறுப்பு எல்லாத்துக்கும்னு போடுவான், பின்னாடி இருக்கிற பொடி எழுத்தப் படிக்கிறதத் தவிர வேற வழியில்ல.

இவ்வளவு பேசுறேனே, மொதல் தடவ நானும் கோட்டை விட்டேன். அதையும் எழுதிர்றேன்.

அன்னைக்கு ஞாயித்துக்கெழம, அண்ணனுக்கு மறுநாள் காலைல நாலரைக்கு வண்டி வேணும். கம்பத்துல ஒரு கடை தொறந்திருந்துச்சு, கறுப்பு ஆர்டிவி ஒரு ட்யூப் வாங்குனேன், தேதி பாக்கல. பழைய கம்ம பிளேடால சொரண்டி, பெட்ரோல்ல ஒரு துணிய நனைச்சு தொடச்சு, 3 எம்எம் தண்டிக்கு ஒரு கோடு வச்சு, மூடிய வச்சு ஒரே அமுக்கா முடுக்கி, ஒரு மணி நேரம் கழிச்சு கூலண்ட ஊத்திட்டேன். மறுநாள் லோயர் கேம்ப் பைப்புகிட்டயே ஆவி வந்துருச்சு, பொம்பளையாளுக எல்லாம் எறங்கி ரோட்டோரம் நின்னுருக்காங்க, அண்ணன் போன்ல பேசுனத இங்க எழுத முடியாது.

திரும்பக் கழட்டிப் பாத்தா ஓரம் மட்டும் ரப்பர் ஆயிருக்கு, நடுவுல இன்னும் பசை, வெரல வச்சா ஒட்டுது. தப்பு ஒண்ணு இல்ல, மூணு. ஆர்டிவி காத்துல இருக்கிற ஈரத்த எடுத்துத்தான் காயும், சூட்டுல இல்ல. வெளி ஓரத்துல இருந்து உள்ள உள்ள போயி காயணும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு எம்எம் தான் போகும், அதுவும் ரெண்டு பக்கமும் இரும்பு மூடிக்கிட்டு இருந்தா ஈரம் நொழைய வழி ஓரம் மட்டுந்தான். மேல பத்து நிமிஷத்துல தோல் கட்டிரும், அதப் பாத்து காஞ்சிருச்சுன்னு நாம ஏமாறுறோம். 24 மணி நேரம்னு போட்டிருக்கிறது சும்மா இல்ல. ரெண்டாவது, ட்யூப்பு தேதி முடிஞ்சு எட்டு மாசம் ஆயிருக்கு, வெயில்ல கடை வாசல்ல தொங்குன சரக்கு, காயவே காயாது சில சமயம். மூணாவது பெட்ரோல். நம்ம ஊருல எல்லாத்தையும் பெட்ரோல்ல தொடச்சுப் பழக்கம், ஆனா அது பழைய எண்ணெயக் கரைச்சு அப்படியே பரத்தி விட்டுட்டு ஆவியாப் போகும், மேல ஒரு மெல்லிசு பிசுக்கு நிக்கும். பிசுக்கு மேல எந்தக் கம்மும் ஒட்டாது.

ரெண்டாவது ரவுண்டுக்கு குமுளில ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன், செக்போஸ்ட் தாண்டி. வயசான சேட்டன், மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிருந்தார். "சேட்டா, நல்ல கம் ஒண்ணு குடுங்க"ன்னேன். எடுக்கவே இல்ல, திரும்பிப் பாத்து "எவிடெயா லீக்கு?"ன்னார். தெர்மோஸ்டாட் மூடின்னேன். "வெள்ளமோ, ஓயிலோ?" எல்லைல இருக்கிற நமக்கு வெள்ளம்னா தண்ணின்னு தெரியும், மதுரைப் பக்கத்து ஆளா இருந்தா பெரியாறு ஒடஞ்சிருச்சோன்னு பயந்திருப்பான். தண்ணிதான்னேன். அப்பறம் பேக்கிங் உண்டா இல்லயா, மூடி இரும்பா அலுமினியமா, எப்ப வண்டி எடுக்கணும், இவ்வளவும் கேட்டுட்டுத்தான் ட்யூப்புல கை வச்சார். எங்க பக்கத்து கடைக்காரங்க "அனபாண்டா?"ன்னு மட்டும் கேப்பாங்க, எந்தக் கம்மா இருந்தாலும் அதுதான் பேரு எங்களுக்கு, அது சென்னைக் கம்பெனி ஒண்ணோட பேருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஒத்தப் பேர்ல பத்து விதமான சரக்கு இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

சேட்டன் கடை மேசைல பரப்பி வச்சதையும் எனக்கு அனுபவத்துல தெரிஞ்சதையும் சேத்து சொல்றேன்.

ஆர்டிவி சிலிக்கான்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது, காஞ்சதும் ரப்பர் மாதிரி, இடைவெளி பெருசா இருந்தாலும் நெரப்பும், தகரச் சேம்பர் மாதிரி வளையுற எடத்துக்கு இதான். இதுலயே ரெண்டு சாதி உண்டு, காயுறப்ப வினிகர் வாடை அடிச்சா அது அசிட்டிக் அமிலத்த விடுற வகை, செம்பு பித்தளைய அரிக்கும், எலக்ட்ரிக் கனெக்டர் பக்கத்துல வைக்கக் கூடாது. பாத்ரூமுக்கு, கண்ணாடிக்கு வாங்குற சிலிக்கான் பெரும்பாலும் இந்தச் சாதிதான். வாடை ரொம்ப இல்லாத ஆக்சைம் வகைதான் எஞ்சினுக்கு, ட்யூப்ல சென்சார் சேஃப்னு போட்டிருக்கும். டீசல் ஜீப்புக்கு அந்தக் கவலை இல்ல, ஆனா எங்க தெருவுல ஒருத்தர் பெட்ரோல் கார்ல வாஷ்பேசினுக்கு வாங்குன சிலிக்கான எடுத்து டேப்பட் கவர்ல (எஞ்சினோட மேல் மூடி) அப்பி, கொஞ்ச நாள்ல எஞ்சின் லைட் எரிஞ்சு ஆக்சிஜன் சென்சார் மாத்துனார். அந்த ஆவி எஞ்சினுக்குள்ள இழுபட்டு, எரிஞ்சு, சென்சார் முனையில மணல் மாதிரி படிஞ்சு அதக் குருடாக்கிரும். பெட்ரோல் நேராப் படுற எடத்துலயும் சிலிக்கான் ஆகாது, ஊறி உப்பிரும், கார்பரேட்டர் பேக்கிங்ல இத வைக்கிறவன எங்க பாத்தாலும் தடுங்க.

அடுத்தது அனேரோபிக், லாக்டைட் 518 மாதிரி சிவப்பா ஜெல் மாதிரி வரும். இது ஆர்டிவிக்கு அப்படியே தலைகீழ், காத்து இருந்தா காயாது, ரெண்டு உலோகத்துக்கு நடுவுல காத்து அடைபட்டாத்தான் இறுகும். உள்ள பிதுங்குனது காயாம எண்ணெயோட கரைஞ்சு போயிரும், புழு ஆகாது, அதான் எனக்குப் புடிச்ச கொணம். ஆனா மெஷின் பண்ண, கெட்டியான, வளையாத ரெண்டு முகம் வேணும், கால் மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தா கைய விரிச்சிரும். கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்கு அருமை, தகரத்துக்கு வேஸ்ட்.

நீல ட்யூப் ஹைலோமர் இன்னொரு ரகம், ஜெட் எஞ்சினுக்காக ரோல்ஸ் ராய்ஸ் பக்கத்துல பொறந்த சரக்கு, கடைசி வரைக்கும் காயாது, பிசுபிசுன்னே இருக்கும், அதுதான் அதோட பலம். பேப்பர் பேக்கிங்குக்கு ரெண்டு பக்கமும் வெரலால மெல்லிசா தேச்சு வச்சா தண்ணி, எண்ணெய் ரெண்டையும் தாங்கும், அடுத்த தடவ கழட்டுறப்ப மூடி சண்டை போடாம வரும். ஆனா தானா இடைவெளிய நெரப்பாது, பேக்கிங் இருந்தே ஆகணும். கடைசியா ஷெல்லாக், அரக்குல செஞ்ச பழைய காலத்து பாட்டில், பிரஷ்ஷோட வரும், வயசான மெக்கானிக்குக இன்னும் அதத்தான் கேப்பாங்க, கார்க் பேக்கிங்க ஒரு பக்கம் ஒட்டி நிறுத்த எனக்கு இன்னைக்கும் அது போதும்.

இதுல எதுவுமே ஹெட் கேஸ்கட்டுக்கு (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வர்ற பேக்கிங்) இல்ல. அத மட்டும் கம்பெனி புத்தகத்துல போடச் சொல்லலன்னா வெறுமையா, சுத்தமா, காய்ஞ்சு போய்த்தான் மாட்டணும், இப்ப வர்றதுலயே தேவையான எடத்துல பூசித்தான் வருது. "சும்மா ரெண்டு சொட்டு வைடா மாப்ள"ன்னு சொல்ற ஃபிரண்டு எல்லாருக்கும் ஒருத்தன் இருப்பான்.

சேட்டன் எனக்கு ஒரு ட்யூப் நீலமும் அரை மில்லி தண்டில பேக்கிங் பேப்பரும் குடுத்தார். "கம் குறைச்சு மதி"ன்னு சொல்லித்தான் அனுப்பினார், கொறைச்சலா வச்சாப் போதும்னு.

வீட்டுக்கு வந்து வேலைய ஆரம்பிச்சா முக்கால் நாள் சுத்தம் பண்றதுலயே போச்சு. அலுமினிய முகத்துல கிரைண்டர்ல வயர் பிரஷ், எமரி டிஸ்க் எதுவும் வைக்கக் கூடாது, பள்ளம் விழும், போக அந்த துகள் எஞ்சினுக்குள்ள விழுந்தா பேரிங்குக்கு எமன். பிளாஸ்டிக் ஸ்கிராப்பர், அப்பறம் பிளேட படுக்க வச்சு, பொறுமையா. எஞ்சின் பக்கத்து ஓட்டையில ஒரு துணியச் சுருட்டி அடைச்சுட்டு சொரண்டுனேன், பழைய சிலிக்கான் உள்ள விழக் கூடாதுன்னு. கடைசித் தொடப்பு பிரேக் கிளீனர் ஸ்பிரே, வெள்ளைத் துணில தொடச்சா துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும்.

சுத்தம் ஆனதுக்கு அப்பறந்தான் நெசக் குத்தவாளி தெரிஞ்சான். மூடியோட முகத்துல ஸ்டீல் ஸ்கேல நிமித்தி வச்சு, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா நடுவுல வெளிச்சம் வருது. ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுக) 0.15 எம்எம் இலை சர்ருன்னு நொழையுது. போல்ட் ரெண்டும் ரெண்டு ஓரத்துல, யாரோ எப்பவோ மிதிச்சு முடுக்கி காது ரெண்டும் வளைஞ்சிருக்கு, நடுவுல தூக்கி நிக்குது. எத்தனை கம் வச்சாலும் அது ஒழுகும். தண்ணிப் பாதை ஓரத்துல சின்னச் சின்னதா அரிச்ச குழி வேற, வருசக்கணக்கா கூலண்ட் ஊத்தாம போர் தண்ணியவே ஊத்துனதுக்கு வந்த பரிசு.

குழிக்கு எபாக்சி உலோக மக்கு வச்சு ஒரு நாள் விட்டேன். அப்பறம் உடைஞ்ச கண்ணாடி பீரோக் கண்ணாடித் துண்டு ஒண்ணு இருந்துச்சு, அத மேசைல போட்டு, 220 நம்பர் உப்புத்தாள ஒட்டி, மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு, மூடிய கவுத்து எட்டுப் போடுற மாதிரி தேச்சேன். அழுத்தக் கூடாது, மூடியோட கனமே போதும், பத்துத் தேப்புக்கு ஒரு தடவ கால்வாசி திருப்பிப் புடிக்கணும், இல்லன்னா ஒரு பக்கமா சரியும். மொதல்ல ரெண்டு காது மட்டும் பளபளத்துச்சு, நடுவுல மங்கலா இருந்துச்சு. அரை மணி நேரத்துல அந்த மங்கல் சுருங்கிச் சுருங்கி தண்ணிப் பாதை ஓரத்துல ஒரு நகக்கண் அளவுக்கு வந்து, அதுவும் போச்சு. 400ல முடிச்சேன். ஸ்கேல வச்சா 0.05 இலை நொழையல. இந்த அரை மணி நேரத்துல கெடச்ச திருப்தி எந்த ட்யூப்லயும் கெடைக்காது. கை வரலன்னா லேத் பட்டறைல குடுத்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஃபேசிங் அடிச்சுத் தருவாங்க.

பேக்கிங் வெட்டுறது சின்ன வேலை. மூடி முகத்துல கிரீஸ் தடவி பேப்பர்ல முத்திரை குத்தி, கத்திரில வெட்டி, போல்ட் ஓட்டைக்கு மட்டும் ஒரு பால்ரஸ் குண்ட வச்சு சுத்தியால ஒரு தட்டு, ஓட்டை அச்சு மாதிரி வரும். எங்க அப்பா காலத்துல கல்யாணப் பத்திரிகை அட்டையிலயே வெட்டுவாங்க, எண்ணெய்க்கு அது ஓரளவு நிக்கும், தண்ணி பட்டா மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் கரைஞ்சிருவாங்க.

இங்க ஏன் வளைஞ்சு குடுக்குற சரக்கு வேணும்னா, மூடி அலுமினியம், கீழ இருக்கிறது வார்ப்பிரும்பு. சூடேறுனா அலுமினியம் இரும்ப விட ரெண்டு மடங்கு விரியும். 10 சென்டிமீட்டர் நீள மூடி 70 டிகிரி சூடேறுனா ரெண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.08 எம்எம், நாளைக்கு ரெண்டு தடவ மலை ஏறி எறங்குற வண்டில அது தெனம் முன்னயும் பின்னயும் நகருது. கல்லு மாதிரி காயுற எதையாவது அங்க வச்சா வெடிச்சு விட்டுரும்.

நீலத்த பேப்பருக்கு ரெண்டு பக்கமும் வெரலால தேச்சேன், கீழ பேப்பர் எழுத்து இருந்தா படிக்கிற அளவுக்கு மெல்லிசா. பத்து நிமிஷம் வெறுமன விட்டேன், கரைப்பான் ஆவியாப் போகணும். ஒரு போல்ட்டு தண்ணி ஜாக்கெட்டுக்குள்ளயே (எஞ்சினுக்குள்ள கூலண்ட் ஓடுற எடம்) போய் நிக்குது, அதோட மரைல கொஞ்சம் தடவலன்னா தண்ணி மரை வழியா ஏறி போல்ட் தலைல வந்து நிக்கும், அப்ப நாம பேக்கிங்க திட்டிக்கிட்டு இருப்போம். ரெண்டு போல்ட்டையும் கையால விட்டு, மாத்தி மாத்தி கொஞ்சங்கொஞ்சமா முடுக்கி, டார்க் ரெஞ்ச் கடன் வாங்கி 20 நியூட்டன் மீட்டர்ல நிறுத்திட்டேன். எட்டு எம்எம் போல்ட்டுக்கு, அலுமினிய மூடிக்கு அவ்வளவு போதும், நீளக் கம்பிய மாட்டி முடுக்குனா மறுபடியும் காது வளையும்.

மாட்டுறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட்ட சோதிச்சேன், சட்டில தண்ணி வச்சு, நூல்ல கட்டித் தொங்கவிட்டு, கூட ஒரு தெர்மாமீட்டரும். மேல 82னு குத்தியிருக்கு. 82 தாண்டியும் அசையல, 88ல லேசா வாயத் தொறந்துட்டு அதோட நின்னுருச்சு, தண்ணி கொதிக்கிற வரைக்கும் பாதிக்கு மேல தொறக்கல. புழு மாட்டுனதுலயே வால்வு கோணியிருக்கு. புதுசு வாங்கி அதையும் அதே சட்டில போட்டுப் பாத்தேன், 82ல சரியா அசைஞ்சு, தண்ணி கொதிக்கிறதுக்குள்ள முழுசா தொறந்துச்சு. அந்தச் சட்டி இப்ப என் கடைல இருக்கு, வீட்டுக்குள்ள திரும்ப விடல. சில பேர் தெர்மோஸ்டாட்டே வேணாம்னு கழட்டிப் போட்ருவாய்ங்க, அது தப்பு, எஞ்சின் சூடே பிடிக்காம டீசல் குடிக்கும்.

இந்தத் தடவ மலை ஏத்தி சோதிக்க எனக்குத் தைரியமில்ல. பழைய ரேடியேட்டர் மூடி ஒண்ணுல ஓட்டை போட்டு டியூப் வால்வ ஒட்டி, சைக்கிள் பம்பையும் ஒரு கேஜையும் மாட்டுனேன். கூலண்ட ஊத்தி, உள்ள மாட்டுன காத்த வெளியேத்தி, எஞ்சின் ஆறியிருக்கிறப்பவே 0.9 வரைக்கும் அடிச்சேன், அதுக்கு மேல அடிச்சா ரேடியேட்டர் தையல் விட்டுரும். பாஞ்சு நிமிஷம் முள்ளு அசையல. அடிச்ச கையோட மூடிச் சுத்தி ஒரு டிஷ்யூ பேப்பர ஒத்தி ஒத்திப் பாத்தேன், காஞ்சே இருந்துச்சு.

கையோட கையா டேப்பட் கவரையும் சேம்பரையும் பாத்துட்டேன். ரெண்டும் தகரம், ரெண்டுக்கும் கார்க் பேக்கிங். சேம்பர்ல போல்ட் ஓட்டைய சுத்தி தகரம் குழியா அமுங்கியிருந்துச்சு, வழக்கமா நடக்குறதுதான், ஒழுகுது ஒழுகுதுன்னு முடுக்கி முடுக்கி போல்ட் கீழ மட்டும் அமுங்கி நடுவுல வாயப் பொளந்துரும். கழட்டி மரக்கட்டை மேல வச்சு பின்னாடி இருந்து சுத்தியால தட்டி சமமாக்குனேன். கார்க்குக்கு ரெண்டு பக்கமும் ஆர்டிவி வைக்கிறவங்க நிறைய, அத வச்சா சோப்பு போட்ட மாதிரி வழுக்கி, முடுக்க முடுக்க கார்க் வெளிய பிதுங்கி கிழியும். தகரப் பக்கம் மட்டும் ஷெல்லாக் தடவி ஒட்டி, எஞ்சின் பக்கம் எதுவும் தடவாம விட்டு, மூலையில ரெண்டு பாகம் சேருற எடத்துல மட்டும் பட்டாணி அளவு ஆர்டிவி. சேம்பர உடனே ஆயில் நிரப்பாம ஒரு நாள் விட்டேன். சாரல் நாள்ல ஆர்டிவி நல்லாவே காயுது, சித்திரை வெயில்ல காஞ்ச காத்துல காயுறத விட சீக்கிரம், அது மட்டுந்தான் இந்த மழையில எனக்குக் கெடச்ச லாபம்.

ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடுறது பத்தி கேப்பீங்க, லாரிக்காரங்க காலங்காலமா பண்றதுதான், நானே ஒரு தடவ குமுளில கடைல ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டு மலை எறங்கியிருக்கேன். ஊறி ஓட்டைய அடைக்கும், வீடு வந்து சேரலாம். ஆனா அது ஓட்டை எது, ரேடியேட்டர் குழாய் எதுன்னு பாத்து அடைக்காது. வந்ததும் எல்லாத்தையும் எறக்கி அலசலன்னா அடுத்த சூடு அதனாலதான் வரும். மூடி ஒழுகுறதுக்கு அதப் போடுறது பல்வலிக்கு காலுல கட்டுப் போடுறது.

ஆறு வாரம் ஆச்சு. தெனம் மலை ஏறுது, ரிசர்வ் டப்பால கூலண்ட் நான் மார்க்கர்ல போட்ட கோட்டுலயே நிக்குது, மூடி ஓரத்துல உப்பு இல்ல. பின்னாடி கிராங்க் சீல்ல மட்டும் இன்னும் சொட்டு விழுது, அதுக்கு கியர்பாக்ஸ் எறக்கணும், ஏலக்கா எடுப்பு முடியிற வரைக்கும் வண்டிய விட மாட்டேன்னு அண்ணன் சொல்லிட்டார். மிச்ச ஆர்டிவி ட்யூப் மூக்குல ஒரு ஸ்குரூவ முடுக்கி, பாலித்தீன் கவர்ல கட்டி, மேல தேதி எழுதி வச்சிருக்கேன். நேத்து மச்சான் வந்து வாஷ்பேசின் ஓரம் ஒழுகுது, அந்த கம்ம குடுன்னான். எவிடெயா லீக்கு, வெள்ளமோ ஓயிலோன்னு கேட்டேன், மொறைச்சுட்டுப் போயிட்டான்.